மஞ்சள் பெயிண்ட் வைத்த போல்ட்

ஜீப்புக்குப் பெரிய டயர் மாட்டுகிற தொழிலில் ஆளை நசுக்குவது ரிம் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். ரிம் நசுக்கியது பத்து நாளில் ஆறிவிடும். என்னை முதலில் நசுக்கியவர் போடி ஏலக்காய் வியாபாரி தங்கையா முதலாளி. மற்றவர்கள் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்தான். அவர்களில் ஒருத்தரையும் மறக்கவில்லை, ஆனால் வரிசை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பெயர் வேலுச்சாமி. எழுபதுகளின் நடுவில் கம்பத்தில் மர அறுப்பு மில்லுக்கு எதிரே நானும் ஸ்பிரிங் பட்டறை காசியும் சேர்ந்து கடை போட்டோம். கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிப் போகும் ஜீப்புகள்தான் எங்களுக்குச் சோறு போட்டவை. முக்கால்வாசி மிலிட்டரி ஏலத்தில் எடுத்த பழைய வண்டிகள். மழை பிடித்துவிட்டால் தோட்டத்துப் பாதையில் வயிறு கல்லில் தட்டி நின்றுவிடும். அதனால் காசி ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடச் சேர்த்து வண்டியை நாலு விரற்கடை தூக்குவான். தூக்கின இடத்தில் நான் பெரிய டயரை மாட்டுவேன். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும், டயர் பெரிசானால் வண்டியில் இருக்கிற எல்லாவற்றுக்கும் கோபம் வந்துவிடும். ஸ்டீயரிங் முறுக்கும், பிரேக் தயங்கும், மட்கார்டு உரசும், கடைசியில் முதலாளி கத்துவார்.

இதைப் படிக்கிறவர்களில் லிவரும் சம்மட்டியும் பிடித்து நகம் கறுத்துப்போனவர்கள் யாராவது இருந்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா சிரித்துவிட்டுப் போகலாம்.

கால்விலங்கு

தங்கையா முதலாளி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் சின்ன வேதப் புத்தகம் என்று வந்து இறங்கினார். எந்தக் காரியத்துக்கும் ஆண்டவரை முன்னால் நிறுத்திவிட்டுத் தான் பின்னால் நிற்கிற மனிதர். வண்டியைத் தூக்கி, டயரை மாட்டி, கடைசியாக ஸ்டாப்பர் போல்ட்டுக்கு வந்தேன். முன் சக்கரம் இதற்கு மேல் திரும்பக் கூடாது என்று தடுத்து நிறுத்துகிற போல்ட் அது. டயர் பெரிசானால், சக்கரம் முழுசாகத் திரும்பும்போது ஸ்பிரிங் பட்டையின் ஓரத்தில் உரசும். உரசினால் பட்டை கத்தி மாதிரி டயரை அறுத்துவிடும். அதனால் அந்த போல்ட்டை மூன்று சுற்று வெளியே எடுத்து, சக்கரம் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொள்கிற மாதிரி வைப்பேன். வைத்துவிட்டு போல்ட்டுக்கும் நட்டுக்கும் சேர்த்து மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு இழுப்பேன். எவனாவது கை வைத்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். இது யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, நானாக யோசித்தது.

இதில் ஒரே ஒரு கஷ்டம். கொண்டை ஊசி வளைவில் ஒரே வீச்சில் திரும்ப முடியாது. ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் ஒடிக்க வேண்டும். "முதலாளி, போடிமெட்டு வளைவுல ஒருவாட்டி ரிவர்ஸ் எடுத்துருங்க. அந்த போல்ட்டை மட்டும் யாரும் தொடக் கூடாது" என்று அவரிடமும் சொன்னேன், டிரைவர் பொன்ராசுவிடமும் சொன்னேன். முதலாளி குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நான் வளைவுல ரிவர்ஸ் எடுத்தா பின்னால வர்ற பஸ்ஸுக்காரன் என்னய என்னண்டு நினைப்பான்? டயருண்டு சொல்லிக் கால்விலங்கையில்ல மாட்டிவிட்டுருக்க!"

சாத்தான் கொடுத்த ஸ்பேனர்

இரண்டு மாதம் கழித்து, இரும்பு வாங்கப் போடிக்குப் போயிருந்த காசி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். தங்கையாவின் ஜீப் போடிமெட்டு இறங்கும்போது ஒரு வளைவில் முன் டயர் வெடித்து, மலைப்பக்கத்து ஓடையில் சாய்ந்துவிட்டதாம். மெதுவாகப் போனதால் யாருக்கும் கீறல்கூட இல்லை. முதலாளி ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் செருகிக் கிடந்தாராம், உருவி எடுத்திருக்கிறார்கள். இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதப்போவதே இல்லை. அவர் போகிற சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆபத்தில் தப்பியவர்கள் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று எல்லார் முன்னாலும் சாட்சி சொல்ல வேண்டும். தங்கையா எழுந்து நின்று சொன்னாராம்: கம்பத்தில் டயர் மாட்டுகிற வேலுச்சாமி கையில் சாத்தான் ஸ்பேனரைக் கொடுத்தான், ஆண்டவரோ எனக்கு ஜீவனைக் கொடுத்தார். சபை முழுக்க ஆமென் சொல்லியிருக்கிறது.

மறுநாளே போடிக்கு பஸ் ஏறினேன். ஒரு ஷெட்டில் ஜீப் நின்றிருந்தது. மண்ணில் படுத்து உள்ளே பார்த்தேன். மஞ்சள் கோடு இரண்டாக உடைந்திருந்தது. போல்ட் கடைசி வரைக்கும் உள்ளே போயிருந்தது. டயரின் உள்பக்கத்தை ரம்பம் போட்ட மாதிரி பட்டை அறுத்திருந்தது. பொன்ராசு பக்கத்தில் நின்று தலையைச் சொறிந்தான். "முதலாளிதாண்ணே ஒரே வீச்சுல திரும்பணும்ண்டு போல்ட்டை உள்ள தள்ளச் சொன்னாக" என்றான். அந்தப் போல்ட்டை நட்டோடு கழற்றி என் பையில் போட்டுக்கொண்டு, வேறு ஒன்றை முறைப்படி வைத்துக் கொடுத்தேன். "நீ வந்து சபையில இதைச் சொல்லுடா" என்று அவன் கையைப் பிடித்தேன். அவன் கையை மெதுவாக உருவிக்கொண்டான். "தள்ளுனது நானு, வெடிச்சது டயரு, பாத்தது நீங்க. முதலாளி சாட்சி மட்டும்தான சொன்னாக? அதைப் போயி நான் எப்பிடிண்ணே தப்புங்கிறது?"

அதே டயரு

சாட்சி சொன்ன பிறகு கடைக்கு ஈ, காக்கை வராது என்று நினைத்தேன். மூன்றாம் நாளே சுருளிப்பட்டியில் இருந்து இருளப்பன் என்கிற திராட்சைத் தோட்டக்காரர் வந்தார். "சாட்சியில வர்ற டயர்க்காரரு நீங்கதான?" என்றார். நான் ரிம்மைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "வெடிச்சும் உள்ள இருந்த ஆளுக்கு ஒண்ணும் ஆகலையாம்ல. எனக்கு அந்த டயருதான் வேணும். அதே கம்பெனி, அதே சைஸு" என்றார். போல்ட் விஷயத்தை முழுசாக எடுத்துச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும், ஆளுக்கு ஒண்ணும் ஆகலையில்ல?" என்றார்.

மாட்டிக் கொடுத்தேன். பத்து நாளில் மறுபடியும் வந்தார், வீட்டம்மா பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு. வண்டி உயரமாகிவிட்டதால் அந்தம்மாவால் ஏற முடியவில்லை. அதற்காக ஒரு திராட்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் படிபோல வைத்து ஏற்றியிருக்கிறார்கள். கம்பம் சந்தையில் இறங்கப் பார்த்தால் பெட்டி சுருளிப்பட்டியிலேயே கிடக்கிறது. அந்தம்மா வண்டியிலேயே உட்கார்ந்து, கத்திரிக்காய்க்காரியைக் கூப்பிட்டு, மேலே இருந்தபடியே காய் வாங்கியிருக்கிறார். அப்புறம் பெட்டியைக் கயிற்றில் கட்டி வண்டிக்குப் பின்னால் தொங்கவிட்டிருக்கிறார்கள். வழியில் பெட்டி ஆடி ஆடி ரோட்டில் மோதி ஒரு பக்கம் உடைந்துபோனது. உடைந்த பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு இருளப்பன் ஒதுங்கிக்கொண்டார். பேசியது பேச்சியம்மாள்தான். "ஏறப் பொட்டி, எறங்கப் பொட்டி. ஏப்பா டயர்க்காரரே, பேசாம நாலு சக்கரத்தையும் இந்தப் பொட்டியில மாட்டிக் குடுத்துரு, நான் இதுலயே போயிக்கிறேன்."

நசுங்காத எலுமிச்சை

புது டயர் மாட்டினால் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வண்டி நகரும். இதில் எங்கள் ஊரில் யாருக்கும் இரண்டாவது பேச்சில்லை. நான் மாட்டுவது சேற்று டயர். கட்டை கட்டையாக, நடுவில் ஆழமான பள்ளத்தோடு இருக்கும். ஒருநாள் கம்பம் ஜீப் ஸ்டாண்டு டிரைவர் ஒருத்தர், பூசாரியையும் கூட்டிவந்து சூடம் காட்டி, நாலு பழத்தையும் வைத்து வண்டியை எடுத்தார். மூன்று நசுங்கின. நாலாவது, டயரின் பள்ளத்துக்குள் போய்ச் சொகுசாக உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நசுங்காமல் முழுசாகத் தரையில் இறங்கியது.

டிரைவர் வண்டியை விட்டுக் குதித்துவிட்டார். கூட்டம் கூடிவிட்டது. "சாத்தான் ஸ்பேனருண்டு சொன்னது சரிதான் போல" என்று ஒருத்தர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மறுபடியும் வைத்தோம், மறுபடியும் பள்ளத்துக்குள் போனது. கடைசியில் காசி சந்தைக்கு ஓடி இரண்டு கை சேர்த்துப் பிடிக்கிற அளவில் ஒரு நார்த்தங்காய் வாங்கி வந்தான். அது பள்ளத்துக்குள் போக முடியாமல் 'சதக்' என்று நசுங்கி, சாறு என் முகத்தில் அடித்தது. கூட்டம் நிம்மதியாகக் கலைந்தது. பூசாரி மட்டும் நின்று, வேட்டியில் தெறித்ததைத் துடைத்துக்கொண்டே என்னைக் கோபமாகப் பார்த்தார். "டயரு சைஸை மாத்துறவரு பழத்தோட சைஸையும் சொல்லிவிட வேணாமாய்யா?"

சொன்னது சொன்னதுதான்

போல்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு தங்கையாவின் மண்டிக்கே போனேன். உள்ளே ஏலக்காய் வாசனை ஆளைத் தூக்கியது. உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். கோபக்காரனுக்கு டீ கொடுத்தால் அவன் பாதி தோற்றுவிடுகிறான். குடிக்கக் கூடாது என்று நினைத்துத்தான் போனேன், குடித்துவிட்டேன். அப்புறம் போல்ட்டை எடுத்து மேசையில் வைத்து, உடைந்த மஞ்சள் கோட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா, நான்தான் தள்ளச் சொன்னேன்" என்றார். இப்படி நேராக ஒத்துக்கொள்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அப்ப அதைச் சபையில ஒரு வார்த்தை சொல்லிருங்க முதலாளி. 'தப்பு டயர்க்காரன் மேல இல்ல, என் மேலதான்.' இம்புட்டுத்தான். எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். எனக்காக உண்மையாகவே வருத்தப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னார்: "உங்கிட்டச் சொன்னதா இருந்தா இப்பவே மாத்திச் சொல்லிருவேன். ஆண்டவர்கிட்டச் சொன்னதை எப்பிடிய்யா திருப்பி வாங்குறது?"

பக்கத்தில் வந்த தோட்டம்

டயர் பெரிசானால் சக்கரம் குறைவாகச் சுற்றும். மைல் மீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணும், பாதையை அல்ல. இதைக் குமுளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மலையாளக் கணக்கப்பிள்ளையிடம் சொல்ல நான் மறந்துவிட்டேன். கம்பத்தில் இருந்து தோட்டத்துக்குப் பதினெட்டு மைல் என்று வருசக்கணக்காக நோட்டில் எழுதி வந்தவர், என் டயர் மாட்டிய பிறகு பதினாறு என்று பார்த்ததும், இத்தனை நாளும் அந்த இரண்டு மைலுக்கு வண்டி எங்கே போய் வந்தது என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் யோக்கியமான மனிதர், பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தார். நான் போய், பழைய டயரையும் புது டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே ஒரு சுற்று உருட்டி, சாக்பீஸில் கோடு போட்டு, பெரியது எவ்வளவு தூரம் அதிகமாகப் போகிறது என்று காட்டினேன். கணக்கப்பிள்ளை இரண்டு கோட்டுக்கும் நடுவில் சாண் போட்டு அளந்தார், தலையை ஆட்டினார், நோட்டைத் திறந்து பேனாவையும் எடுத்துவிட்டார். எழுதவில்லை. "அதெல்லாம் செரி. பட்சே எஸ்டேட்டு இங்கோட்டு வந்நதோ, கம்பம் அங்கோட்டு போயதோ, அது சொல்லிட்டுப் போ."

உள்ளே போன ஜீப்

பழனிசெட்டிபட்டியில் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வியாபாரம் செய்தவர் சண்முகவேல். அவர் ஜீப்பைத் தூக்கிப் பெரிய டயர் மாட்டி அனுப்பிய மூன்றாம் நாள், அவரிடம் இருந்து ஆள் வந்தது: உடனே புறப்பட்டு வா, டயர் வளர்ந்துவிட்டது. நான் எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன், வளர்ந்த டயரைக் கேள்விப்பட்டதில்லை. போய்ப் பார்த்தேன். வீட்டை ஒட்டிய ஷெட்டுக்குள் ஜீப் நிற்கிறது. வெளியே எடுத்தால் கித்தான் போர்த்துகிற மேல்கம்பி, வாசல் உத்தரத்தில் இடிக்கிறது. "முந்தாநாள் இதே வாசல் வழியாத்தான் உள்ள போச்சு. இன்னைக்கு வெளிய வரல. வளரலேண்டா என்ன அர்த்தம்?" என்று சண்முகவேல் அடித்துக் கேட்டார். உள்ளே போகும்போது வண்டியில் என்ன இருந்தது என்று கேட்டேன். பன்னிரண்டு மூட்டைப் புண்ணாக்கு. அதுதான் விஷயம். பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கி வண்டி தாழ்ந்து உள்ளே போயிருக்கிறது. மூட்டையை இறக்கியதும் நிமிர்ந்துகொண்டது. மூட்டைகளைத் திரும்ப ஏற்றலாம் என்றால், அதற்குள் அவற்றை ஊர் மாடுகள் தின்றுகொண்டிருந்தன. காற்றை இறக்கலாம் என்றேன். "புது டயரோட மூச்சைப் பிடுங்குறதா? கூடவே கூடாது" என்றுவிட்டார்.

அப்படியானால் ஆளை ஏற்றி அமுக்குவதைத் தவிர வழியில்லை. தெருவில் இருந்த கனமான ஆட்களாகப் பார்த்துக் கூப்பிட்டோம். ஒன்பது பேர் ஏறியும் ஒரு விரற்கடை குறைந்தது. அந்தத் தெருவிலேயே கனமான ஆள் யார் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. சண்முகவேலின் சொந்தத் தம்பி. அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் விஷயத்தில் ஏழு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சண்முகவேலின் வீட்டம்மாதான் சுவருக்கு மேலே எட்டி, "கொழுந்தனாரே, சித்த வந்து இந்த வண்டியில உக்காந்துட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். தம்பி வந்தார், யாரையும் பார்க்கவில்லை, ஏறி உட்கார்ந்தார். ஜீப் பெருமூச்சு விட்ட மாதிரி இறங்கியது. அப்படியே வெளியே எடுத்தோம்.

கொத்தனாருக்கு வேறு வேலை இருந்ததால் உத்தரத்தை உயர்த்த ஒரு மாதம் ஆயிற்று. சாயங்காலம் மூட்டையோடு வருகிற வண்டி தானாக உள்ளே போய்விடும். அதுவரை தினமும் காலையில் எட்டு மணிக்குத் தம்பி வந்து ஏறி உட்காருவார், வாசலைத் தாண்டியதும் இறங்கிப் போவார். மற்ற ஒன்பது பேருக்குப் பதிலாக ஷெட்டில் பாறாங்கல் வாங்கிப் போட்டுவிட்டார்கள். தம்பிக்குப் பதிலாகக் கல் கிடைக்கவில்லை என்று சண்முகவேல் சொன்னார். ஒருநாள் அந்தப் பக்கம் போனேன். தம்பி ஜீப்பின் பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், கையில் அண்ணன் வீட்டுக் காப்பி டம்ளர். சமாதானம் ஆகிவிட்டதா என்று சந்தோசமாகக் கேட்டேன். அவர் பேப்பரைத் தாழ்த்தாமலே சொன்னார்: "அவருகூடப் பேசுறதா இல்ல. வண்டியை அமுக்க மட்டும்தான் வந்துருக்கேன், அதை அவருகிட்டச் சொல்லிருங்க."

மூன்று சக்கரம்

எட்டு வருசம் போயிற்று. இந்த எட்டு வருசத்தில் நான் போடிப் பக்கம் எந்த விசேஷத்துக்குப் போனாலும், யாராவது ஒருத்தர் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து, "சாட்சியில வர்ற டயர்க்காரரு" என்று சொல்வது காதில் விழும். வேலுச்சாமி என்று ஒரு பெயர் எனக்கு இருந்ததே ஊருக்கு மறந்துவிட்டது. அப்போதுதான் ஒருநாள் தங்கையா முதலாளி புது டீசல் ஜீப்போடு கடை வாசலில் வந்து இறங்கினார். தேனியில் யாரிடமோ பெரிய டயர் மாட்டியிருக்கிறார், முதல் வளைவிலேயே உரசல். "உன் கை மாதிரி வராதுய்யா" என்றார். இந்த வார்த்தையை என்னிடம் தனியாகச் சொல்வதற்கு அவருக்குக் கஷ்டமே இல்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். மூன்று சக்கரத்தை மாட்டினேன். நாலாவதை உருட்டிக்கொண்டு போய்க் கடைக்குள் வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டினேன். ஜீப் ஒரு பக்கம் கட்டையில் நின்றது. "சபையில பேசுங்க, அப்புறம் இது" என்றேன். காசி சிரிப்பை அடக்க முடியாமல் உலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதலாளி கோபப்படவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சங்கிலியைப் பார்த்தார். "சரி. வர்ற ஞாயித்துக்கிழமை உன் பேரைச் சொல்லி எந்திரிச்சுப் பேசுறேன். போதுமா?" "அன்னைக்கு நின்ன அதே எடத்துல" என்றேன். "அதே எடத்துலதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சோப்புப் போட்டு நகத்தைத் தேய்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, பையில் போல்ட்டை வைத்துக்கொண்டு, காசியோடு சின்னமனூர் வழி பஸ்ஸில் போடிக்குப் போனேன். சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டெல்லாம் முடிந்து, சாட்சி சொல்கிற நேரம் வந்ததும் தங்கையா எழுந்தார். அதே இடம். "எட்டு வருசத்துக்கு முன்னால இங்கன நின்னு ஒரு சாட்சி சொன்னேன். கம்பம் டயர்க்காரரு வேலுச்சாமியப் பத்தி" என்றார். பையில் கையை விட்டுப் போல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். "அவரு இன்னைக்கு நம்ம நடுவுல வந்துருக்காக" என்றார். முதல்முறையாக எனக்கு மரியாதை கொடுத்துப் பேசுகிறார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "இத்தனை வருசமா அவரு மேல என் மனசுல ஒரு கசப்பு இருந்துச்சு. கசப்பை வச்சுருக்கிறது பாவம். அதுனால, இன்னைக்கு உங்க எல்லாரு முன்னாலயும் அவரை நான் மனசார மன்னிச்சுட்டேன்."

சபை முழுக்க ஆமென் என்றது. இந்தமுறை போன முறையைவிடச் சத்தம் அதிகம். எல்லாரும் திரும்பி என்னை அவ்வளவு பிரியமாகப் பார்த்தார்கள். ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். அது போல்ட் இருந்த கை. "ஐயா, இந்தப் போல்ட்டைப் பாருங்க, இந்த மஞ்சக் கோடு..." என்று ஆரம்பித்தேன். அவர் நல்ல மனிதர்; என் விரல்களை அதன் மேலேயே மூடிவிட்டார். "அதையெல்லாம் கீழ போட்டுருங்க தம்பி. பாரம் எறங்கிருச்சுல்ல" என்றார். வெளியே வந்ததும் தங்கையா என் தோளில் கையை வைத்தார். "உன் பேரைச் சொல்லிப் பேசியாச்சு. அதே எடத்துல நின்னாச்சு. இனி நாலாவது சக்கரத்தை மாட்டு" என்றார். நான் கேட்டது அவ்வளவுதான், அவர் செய்ததும் அவ்வளவுதான். என்ன பேச வேண்டும் என்பதை நான் கேட்டு வாங்காமல் விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை சங்கிலியை அவிழ்த்து நாலாவது சக்கரத்தை மாட்டினேன். இந்தமுறை பெயிண்ட் வைக்கவில்லை. போல்ட்டை நட்டோடு சேர்த்துக் காசியை வெல்டிங்கே வைக்கச் சொன்னேன். இனி எந்த முதலாளி சொல்லியும் எந்தப் பொன்ராசுவும் அதை உள்ளே தள்ள முடியாது. காசி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஜீப் மில்லைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "விட்டுத்தள்ளு வேலு. அதான் மன்னிச்சுட்டாகள்ல, இனிமே நீ இஷ்டத்துக்குத் தப்பு பண்ணிக்கிரலாம்!"

கம்பத்தில் எத்தனையோ ஜீப்பை நாலு விரற்கடை தூக்கிவிட்டேன், என் பெயரைத்தான் இருந்த உயரத்துக்குக்கூடக் கொண்டுவர முடியவில்லை. போல்ட் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது, அந்த ஒரு வாக்கியம் இன்னும் போடியில் பாக்கி நிற்கிறது.